பொறுத்தல் வேறு, மறத்தல் வேறு

சில திங்களுக்கு முன், ஆறாம் ஆண்டு மாணவர்களுக்குப் பொறையுடைமை அதிகாரத்திலிருந்து சில குறள்களை விளக்கிக்கொண்டிருந்தேன். பிறர் செய்த தீங்கைப் பொறுத்துக்கொள்வது நல்லது. அதனை மனத்தில் கொள்ளாது மறந்தே விடுவது அதைக்காட்டிலும் நல்லது என்று 152ஆம் குறளுக்குப் பொருள் கூறி முடித்தேன். அப்போது ஒரு மாணவி எழுந்தாள். "ஐயா, போன வாரம் சயாம் இரயில் பாதையைப் பற்றிச் சொன்னீர்கள். நம் பாட்டன் பூட்டன் பட்ட பாட்டை மறக்கக் கூடாது என்றீர்கள். இன்றைக்குத் தீமையை மறப்பதுதான் பெரிது என்கிறீர்கள். நாங்கள் எதைச் செய்வது?" என்று கேட்டாள்.

முப்பது ஆண்டுகளாகக் குறள் கற்பித்து வருகிறேன். எனினும் அக்கணத்தில் விடை கூற நா எழவில்லை. "நாளைக்குச் சொல்கிறேன், அம்மா" என்று சொல்லி வகுப்பை முடித்தேன். அந்தக் கேள்வி அவள் ஒருத்தியின் கேள்வியன்று. பெருந்துயர் ஒன்றைக் கடந்து வந்த எந்த மக்களுக்கும் என்றேனும் எழக்கூடிய கேள்வி அது. நினைவு கொண்டால் பகை வளருமோ? பகையை விட்டால் மாண்டவர்க்குத் துரோகம் செய்தவர் ஆவோமோ? இவ்விரண்டு அச்சங்களுக்கும் நடுவில் நல்லதொரு வழி உண்டா என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

நடந்தது என்ன?

முதலில் வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம். 1942ஆம் ஆண்டில் மலாயாவும் சிங்கப்பூரும் பர்மாவும் ஜப்பானியர் வசமாயின. பர்மாவில் நின்ற படைகளுக்கு உணவும் தளவாடமும் அனுப்ப மலாக்கா நீரிணை வழியாகச் செல்லும் கடற்பாதை அவர்களுக்கு இருந்தது. ஆனால் நேச நாடுகளின் நீர்மூழ்கிகளாலும் விமானங்களாலும் அப்பாதை ஆபத்து மிகுந்ததாயிற்று. ஆகவே, சயாமிலுள்ள பான்போங் பகுதியிலிருந்து பர்மாவிலுள்ள தன்பியூசாயாட் வரை, காட்டையும் மலையையும் ஊடறுத்து 415 கிலோமீட்டர் நீளத்தில் ஓர் இரயில் பாதை அமைக்கத் துணிந்தனர். கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் இடைப்பட்ட தொலைவைவிட அது நீண்டது. 1942இன் நடுவில் தொடங்கிய வேலை 1943 அக்டோபர் 17ஆம் நாள் முடிந்து, இரு முனைகளும் இணைந்தன. பல ஆண்டுகள் பிடித்திருக்க வேண்டிய பணி ஏறத்தாழ பதினாறு மாதத்தில் முடிந்தது. எவ்வாறு முடிந்தது என்பதில்தான் துயரம் இருக்கிறது.

பிரித்தானிய, ஆஸ்திரேலிய, டச்சு, அமெரிக்கப் போர்க் கைதிகள் 60,000 பேருக்கு மேல் அப்பாதையில் வேலை வாங்கப்பட்டனர். அவர்களுள் 12,000 பேருக்கு மேல் மாண்டனர். 1943ஆம் ஆண்டின் தொடக்கத்தில், வேலையை விரைந்து முடிக்க வேண்டும் என்ற கட்டளை வந்தபோது கைதிகளின் தொகை போதவில்லை. அதன்பின் ஆசியத் தொழிலாளர்கள் பெருந்தொகையாகக் கொண்டுசெல்லப்பட்டனர். பர்மியர், ஜாவானியர், மலாய்க்காரர், சீனர், வியட்நாமியர் எனப் பலரும் அவர்களுள் இருந்தனர். மலாயாவிலிருந்து மட்டும் 70,000 பேருக்கு மேல் சென்றனர். அவர்களுள் பெரும்பாலோர் இரப்பர்த் தோட்டங்களில் பால் மரம் வெட்டி வாழ்ந்த தமிழர்.

போரினால் இரப்பர் வாணிகம் நின்றுபோய்த் தோட்டங்களில் வேலையில்லாத காலம் அது. முதலில் நாளுக்கு ஒரு வெள்ளி சம்பளம், உணவு, உறையுள், சில மாதங்களில் வீடு திரும்பலாம் என்ற வாக்குறுதிகளை நம்பிச் சென்றவர் உண்டு. பின்னர், இத்தோட்டத்திலிருந்து இத்தனை ஆள் என்று கணக்குக் கேட்டார்கள். அதுவும் போதாமற்போகவே, வழியிற் கண்டவரையெல்லாம் லாரியில் ஏற்றிச் சென்றார்கள். சரக்கு வண்டிகளில் நெருக்கியடைத்துப் பல நாள் பயணம். அதன்பின் காட்டு வழியே கால்நடை. 1943ஆம் ஆண்டின் மழைக்காலத்தில் வாந்திபேதி முகாம் முகாமாகப் பரவியது. மலேரியாவும் வயிற்றுக்கடுப்பும் காலில் அழுகிய புண்ணும் எஞ்சியோரை வாட்டின.

போர்க் கைதிகளும் இதே நோய்களால் துன்புற்றவர்களே. ஆயினும், அவர்களுடன் அவர்களுடைய அதிகாரிகள் இருந்தனர், மருத்துவர்கள் இருந்தனர், யார் இருந்தார், யார் இறந்தார் என்று மறைவாகவேனும் எழுதிவைக்க ஆள் இருந்தது. தொழிலாளர்க்கு இவற்றுள் எதுவும் இல்லை. தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடி என்று எடுத்துச் சொல்லவும் அவர்களுக்கு ஆளில்லாத முகாம்கள் பல. இறந்த ஆசியத் தொழிலாளரின் தொகை ஏறத்தாழ 90,000 என்பது பலரும் கூறும் மதிப்பீடு. அது மதிப்பீடே, பெயர்ப்பட்டியல் அன்று.

கல்லறையும் காட்டுக் குழியும்

போர் முடிந்ததும், 1945இல் நேச நாட்டுக் குழுவொன்று பாதை நெடுகிலும் சென்று போர்க் கைதிகளின் புதைகுழிகளைத் தேடியது. தோண்டியெடுத்த உடல்கள் காஞ்சனபுரியிலும் சுங்காயிலும் தன்பியூசாயாட்டிலும் மீண்டும் முறைப்படி அடக்கம் செய்யப்பெற்றன. காஞ்சனபுரிக் கல்லறைத் தோட்டத்தில் மட்டும் ஏறக்குறைய 7,000 பேர் துயில்கின்றனர். வெட்டிய புல்வெளி, வரிசை பிசகாத கற்கள், ஒவ்வொரு கல்லிலும் பெயர், வயது, படைப்பிரிவு. எண்பது ஆண்டு கழித்தும் ஒரு பேரன் வந்து தன் பாட்டனின் பெயர்மேல் விரல் வைத்துப் பார்க்க முடிகிறது.

நம்மவர் இறந்த இடம் எது? முகாம் இருந்த இடங்களைக் காடு மூடிவிட்டது. காஞ்சனபுரியில் 1944ஆம் ஆண்டு ஜப்பானியப் படையினரே எழுப்பிய நினைவுத் தூண் ஒன்று உண்டு. மாண்டவர்க்கென அதில் பதித்த கல்வெட்டுகளுள் தமிழ்க் கல்வெட்டும் ஒன்று. எவருடைய கட்டளையால் அவர்கள் இறந்தனரோ அவர்களே அவர்களுக்குத் தமிழில் அஞ்சலி எழுதினர். நெடுங்காலம் வேறு எவரும் அவ்விடத்தில் தமிழர்க்கென ஒரு கல் நாட்டவில்லை என்பதையும் நாம் நாணத்தோடு சேர்த்துச் சொல்ல வேண்டும்.

உலகம் அப்பாதையை அறிந்தது பெரும்பாலும் 1957இல் வெளிவந்த ஒரு திரைப்படத்தால். குவாய் ஆற்றுப் பாலத்தைப் பற்றிய அப்படம் இலங்கையில் எடுக்கப்பட்டது. அதற்கு மூலமான நாவலை 1952இல் எழுதிய பியேர் பூல் என்னும் பிரெஞ்சுக்காரர், போருக்கு முன் மலாயா இரப்பர்த் தோட்டங்களில் பணிபுரிந்தவர். தோட்டத் தொழிலாளரை நேரில் கண்டு பழகியவர். இருந்தும், அக்கதையின் நடுவில் நிற்பவர் பிரித்தானிய அதிகாரியும் அவருடைய வீரருமே. பிறர் நம்மை எழுதவில்லை என்று நோவதைவிட, நாமே எழுதாமல் விட்டோம் என்று உணர்வது நேர்மை. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' ஆகிய நாவல்கள் அக்குறையை ஓரளவு நீக்கின.

இருவர் கைகுலுக்கிய கதை

இப்பாதையின் வரலாற்றில் மன்னிப்பைப் பற்றிப் பேசுவோர் தவறாமற் கூறுவது எரிக் லோமாக்ஸ், நாகசே தகாஷி ஆகிய இருவரின் கதையை. லோமாக்ஸ் எடின்பரோவைச் சேர்ந்தவர்; 1942இல் சிங்கப்பூரில் பிடிபட்ட பிரித்தானியச் செய்திப் படை அதிகாரி. 1943இல் காஞ்சனபுரி முகாமில் மறைவாகச் செய்த வானொலிப் பெட்டி அகப்பட்டபோது, அவருடைய கைகள் முறியும்படி அடித்தார்கள். பின்னர் இராணுவப் போலீசார் அவரை நீரால் மூச்சுத் திணறவைத்து விசாரித்தார்கள். அவ்விசாரணையில் மொழிபெயர்ப்பாளராக அருகே அமர்ந்திருந்தவர் நாகசே. லோமாக்ஸ் அதன்பின் சிங்கப்பூர் ஊட்ரம் சாலைச் சிறையில் அடைக்கப்பட்டு உயிர் பிழைத்தார். உடல் தேறியும் உள்ளம் தேறவில்லை. ஐம்பது ஆண்டுகள் அந்த மொழிபெயர்ப்பாளரின் குரல் அவர் காதில் ஒலித்துக்கொண்டே இருந்தது.

நாகசேயும் அமைதியாக வாழவில்லை. புதைகுழி தேடிச் சென்ற 1945ஆம் ஆண்டுக் குழுவுக்கு மொழிபெயர்ப்பாளராகச் சென்றவர் அவர். வரிசை வரிசையான குழிகளைக் கண்ட காட்சி அவரை விடவில்லை. பிற்காலத்தில் மீண்டும் மீண்டும் தாய்லாந்து சென்று மாண்டவர்க்கு அஞ்சலி செலுத்தினார். 1986இல் பாலத்தின் அருகே அமைதிக்கென ஒரு கோவில் அமைத்தார். தம் நாட்டுப் படையின் கொடுமையைத் தம் நாட்டாரிடமே வெளிப்படையாகப் பேசினார். அவர் எழுதிய நூலில் தம் விசாரணையைப் பற்றிய பகுதியை லோமாக்ஸ் படித்தார். லோமாக்சின் மனைவி கடிதம் எழுதினார். 1993இல் இருவரும் அதே காஞ்சனபுரியில் சந்தித்தனர். பின்னர் ஜப்பானில் லோமாக்ஸ் தம் மன்னிப்பை எழுத்தில் எழுதி நாகசேயிடம் கொடுத்தார். நாகசே 2011இலும் லோமாக்ஸ் 2012இலும் நண்பர்களாகவே மறைந்தனர்.

இக்கதையைக் கேட்டு நெகிழாதார் இல்லை. ஆனால், நெகிழ்ச்சியோடு நின்றுவிடாமல் அது எவ்வாறு நிகழக்கூடியதாயிற்று என்று பார்க்க வேண்டும். துன்புற்றவரே உயிரோடு இருந்து மன்னித்தார். யார் செய்தார் என்பது அவருக்குத் தெரியும். செய்தவர் தம் செயலை மறைக்காமல் ஒப்புக்கொண்டார். நடந்தது இன்னது என்பதில் இருவர்க்கும் கருத்து வேறுபாடு இல்லை. இத்தனையும் சேர்ந்த பிறகுதான் மன்னிப்பு என்ற சொல் அங்கே பிறந்தது. அவ்விருவருள் ஒருவர் மறந்திருந்தாலும் அம்மன்னிப்பு நிகழ்ந்திருக்காது. நினைவு அதற்குத் தடையாக இருக்கவில்லை, வழியாக இருந்தது.

மாண்டவர்க்காக நாம் மன்னிக்கலாமா?

நாடுகளுக்கிடையே கணக்குத் தீர்ப்பது வேறு. சிங்கப்பூரில் 1962இல் சிக்லாப் பகுதியில், ஜப்பானியர் காலத்தில் கொல்லப்பட்டவர்களின் எலும்புகள் மண்ணுக்கடியில் குவியலாகக் கண்டெடுக்கப்பட்டபோது மக்கள் கொதித்தெழுந்தனர். 1966இல் ஜப்பான் 50 மில்லியன் வெள்ளியைக் கொடையாகவும் கடனாகவும் தர இசைந்தது. 1967 பிப்ரவரி 15ஆம் நாள், சிங்கப்பூர் வீழ்ந்து சரியாக இருபத்தைந்து ஆண்டு நிறைவில், பொதுமக்கள் போர் நினைவுச் சின்னம் திறக்கப்பட்டது. அகழ்ந்தெடுத்த எச்சங்கள் அதன் அடியில் வைக்கப்பட்டுள்ளன. எல்லா இனத்தார்க்கும் உரியதாக அதன் நான்கு தூண்கள் ஓரடியில் எழுந்து நிற்கின்றன. ஆண்டுதோறும் அந்நாளில் அங்கே அஞ்சலி நடைபெறுகிறது. அதே ஊரில் ஜப்பானியரும் மதிப்போடு வாழ்கின்றனர். வாணிகமும் நட்பும் வளர்கின்றன. நினைவு கொண்டால் பகை வளரும் என்ற அச்சத்திற்கு அச்சின்னம் தகுந்த மறுமொழி. மலேசியாவும் 1967இல் ஜப்பானோடு உடன்பாடு செய்துகொண்டது. நல்லெண்ணக் கொடையாக இரு கப்பல்கள் கிடைத்தன. அரசுகள் இவ்வாறு செய்வது முறையே. ஆனால், தோட்டத்து லயத்தில் காத்திருந்தவளுக்கு அதனால் வந்தது என்ன?

என் தந்தையைப் பெற்ற பாட்டியின் செய்தியை இங்குச் சொல்லாமல் இருக்க இயலவில்லை. என் பாட்டனார் 1943இல் சென்றார், திரும்பவில்லை. அவர் இறந்தார் என்று எவரும் வந்து சொல்லவுமில்லை. பாட்டி தாலியைக் கழற்றவில்லை. ஆடி அமாவாசைக்குப் பிறர் வீடுகளில் படையலிடும்போது, எங்கள் வீட்டில் பாட்டனாருக்கு இலை போடமாட்டார். இலை போட்டால் இறந்தார் என்று தம் வாயாலேயே சொன்னதாகிவிடும் அல்லவா? ஜப்பானியரைப் பற்றி அவர் ஒரு வசைச்சொல் சொல்லி நான் கேட்டதில்லை. சயாமுக்குப் போய்த் திரும்பிய எவரையேனும் கண்டால் ஒன்றுதான் கேட்பார்: "எங்க போட்டாங்களாம்?" பாட்டி மறைந்த பிறகே என் தந்தையார் தம் தகப்பனாருக்குத் திதி கொடுத்தார். இறந்த நாள் தெரியாதவர்க்குரிய மகாளய அமாவாசையில் கொடுத்தார்.

பாட்டியிடம் பகை இல்லை. அதனால் அவர் மன்னித்துவிட்டார் என்று நான் சொல்லலாமா? யாரை மன்னிப்பது? எதற்காக மன்னிப்பது? அவரிடம் எவரும் வந்து கேட்கவில்லையே. என் பாட்டனாரின் சார்பில் நான் மன்னிக்கலாமா என்றால், அதுவும் தகாது. பிறர் பட்ட கடனை நான் தள்ளிக் கொடுக்க முடியுமா? மாண்டவரின் மன்னிப்பு மாண்டவரோடு சென்றது. அதனை வழங்கும் உரிமையும் மறுக்கும் உரிமையும் நமக்கு இல்லை.

வள்ளுவர் சொன்னது எது?

இனி மாணவியின் கேள்விக்கு வருவோம். பொறு என்னும் அடிச்சொல்லுக்குத் தாங்குதல், சுமத்தல் என்பது பொருள். பொறை என்றால் சுமை; மலையையும் அச்சொல் குறிக்கும். ஆகவே, பொறுத்தல் என்பது சுமையைத் தூக்கி எறிவதன்று, தாங்கி நிற்பது. அதனால்தான் வள்ளுவர் அவ்வதிகாரத்தை நிலத்தை உவமை காட்டித் தொடங்கினார். தன்னைத் தோண்டுகிறவனையும் நிலம் தாங்குகிறது. தாங்குகிறது என்பதற்காகத் தோண்டிய குழி இல்லாமற் போவதில்லை. அப்பாதையில் ஹெல்ஃபயர் கணவாய் என்னும் இடத்தில் மனிதக் கைகளால் மலையைப் பிளந்திருக்கிறார்கள். பாறையில் துளையிட்ட தடங்களை இன்றும் காணலாம். நிலம் பொறுத்தது, மறைக்கவில்லை.

152ஆம் குறளுக்குப் பரிமேலழகர் உரை காணும்போது, தண்டிக்கும் ஆற்றல் தமக்கு இருக்கும் காலத்தும் பிறர் செய்த மிகையைப் பொறுக்க வேண்டும் என்று விளக்குகிறார். அப்படியாயின், பொறுப்பவர் தீங்கு உற்றவரே. அவர் தமக்குச் செய்யப்பட்டதைப் பொறுக்கலாம்; பொறுத்தபின் மறக்கவும் செய்யலாம். பிறர்க்குச் செய்யப்பட்டதை மறந்துவிடுவது பொறையாகாது. அதற்கு நாம் ஒன்றும் சுமக்கவில்லையே.

மறக்க வேண்டியது எது என்பதையும் வள்ளுவர் வேறோர் இடத்தில் தெளிவாக்கினார். வெகுளாமை அதிகாரத்து 303ஆம் குறளில், எவரிடத்திலும் சினத்தை வைத்திராது விட்டுவிட வேண்டும் என்கிறார். தீமைகள் சினத்திலிருந்தே பிறக்கின்றன என்பது அவர் காட்டும் காரணம். இன்று நம் ஊருக்கு வரும் ஜப்பானிய இளைஞனிடம் நாம் சினங்கொள்வது இக்குறளுக்கு மாறு. ஆனால், 43ஆம் குறளில் இல்வாழ்வானின் கடமைகளை எண்ணும்போது, இறந்த முன்னோரைப் பேணுவதையே முதலில் வைத்தார். தெய்வமும் விருந்தும் சுற்றமும் அதன் பின்னரே வருகின்றன. ஆகவே முரண் எங்கே இருக்கிறது? சினத்தை மறக்கச் சொன்னார். மாண்டாரைப் பேணச் சொன்னார். இரண்டும் வெவ்வேறு பொருள்கள். இரண்டையும் ஒன்றெனக் கொள்வோரே, பகைக்காக நினைவைத் தூண்டுவர், அல்லது அமைதிக்காக நினைவை அழிப்பர்.

நாம் செய்யத்தக்கது

போரில் வீழ்ந்தவர்க்குப் பெயரையும் பெருமையையும் எழுதிக் கல் நடுவது தமிழர் வழக்கம். கல்லைக் காண்பதிலிருந்து அதனை வாழ்த்துவது வரை ஆறு நிலைகளாகத் தொல்காப்பியம் அதனைப் பகுத்துக் கூறுகிறது. 2025ஆம் ஆண்டில் தாய்லாந்து வாழ் தமிழரின் முயற்சியால் காஞ்சனபுரியில் நம்மவர்க்கு ஒரு நடுகல் நாட்டப்பெற்றது. காலம் கடந்தேனும் நிகழ்ந்த நற்செயல் அது. ஆயினும், நடுகல்லின் உயிர் அதிலுள்ள பெயரில் இருக்கிறது. அப்பெயர்கள் அரசு ஏடுகளில் முழுமையாக இல்லை; நம் குடும்பங்களின் வாய்மொழியில் இருக்கின்றன. அன்று தகப்பனை இழந்த குழந்தைகளுக்கு இன்று எண்பது வயதுக்கு மேல். அவர்களோடு அப்பெயர்களும் போய்விடும்.

ஆசிரியர்களாகிய நாம் இதில் ஒரு சிறு தொண்டு செய்யலாம். மாணவர் ஒவ்வொருவரும் தம் வீட்டு முதியோரிடம் நான்கு செய்திகளை மட்டும் கேட்டு எழுதி வரட்டும்: சென்றவர் பெயர், அவர் வாழ்ந்த தோட்டம், சென்ற ஆண்டு, உடன் சென்றோர் யார். தெரியாத இடத்தைத் தெரியவில்லை என்றே எழுதட்டும். கதை கட்டிச் சேர்க்க வேண்டா. அவ்வேடு பள்ளி நூலகத்தில் இருக்கட்டும். கற்பிக்கும்போது முழு உண்மையையும் கற்பிப்போம். நம்மோடு இறந்த ஜாவானியரையும் பர்மியரையும் மலாய்க்காரரையும் சீனரையும் சேர்த்தே சொல்வோம். உயிருக்கு அஞ்சாமல் கைதிகளின் முகாம்களுக்கு மருந்து கொண்டுசேர்த்த பூன்போங் என்னும் தாய்லாந்து வணிகரைச் சொல்வோம். தம் குற்றத்தை ஒப்புக்கொள்ள ஐம்பது ஆண்டு அலைந்த நாகசேயையும் சொல்வோம். தம் இனத்தின் துயரை மட்டும் நினைப்பது அரை நினைவு. அந்த அரை நினைவுதான் பகைக்கு விதையாகிறது.

மறுநாள் வகுப்பில் அம்மாணவிக்கு நான் கூறிய விடை இதுதான்: "கோபத்தை மறந்துவிடு, அம்மா, ஆட்களை மறக்காதே." அவள் சிறிது நேரம் எண்ணிப் பார்த்துவிட்டு, "எங்கள் தாத்தாவின் அப்பா பெயரை வீட்டில் கேட்டு வருகிறேன், ஐயா" என்றாள். அடுத்த வாரம் கேட்டும் வந்தாள். பள்ளி ஏட்டின் முதல் வரியில் அப்பெயர் இருக்கிறது. இரண்டாம் வரியில் என் பாட்டனாரின் பெயரை எழுதினேன்.

தமிழ்நாட்டு வழியோரங்களில் சுமைதாங்கிக் கற்கள் உண்டு. வயிற்றில் பிள்ளையோடு இறந்த பெண்ணின் நினைவாக அவற்றை நாட்டுவது வழக்கம். அவள் இறக்கி வைக்க முடியாத சுமையை எண்ணி, வழிப்போக்கர் தம் தலைச்சுமையை இறக்கி இளைப்பாற ஒரு கல். மாண்டவரின் நினைவு வாழ்கின்றவர்க்குச் சுமையாகாமல் சுமைதாங்கியாக நிற்க வேண்டும் என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர். சயாம் காட்டில் மாண்டவர்க்கு நாம் எழுப்பும் நினைவும் அத்தகைய கல்லாக அமைவதாக.